ஒரு மூடித் தண்ணீர்

தண்ணீருக்கு எத்தனை சத்தம் உண்டு என்று மத்தியானச் சாப்பாடு முடிந்து மல்லாக்கப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன். புறவாசலில் குழாய் சொட்டுகிறது. வாளியில் விழுந்தால் ஒரு தினுசு, வாளிக்குள் கிடக்கிற துணியில் விழுந்தால் வேறு தினுசு. அடுப்படியில் என் வீட்டுக்காரி மாரிக்கனி எனக்குக் குடிக்கத் தண்ணீர் காயவைக்கிறாள், கொதி வருவதற்கு முந்தி பாத்திரத்துக்குள் ஒரு முனகல் வருமே, ஆம்ப்ளிபயரைப் போட்டுவிட்டு மைக்கைச் சொருகாமல் விட்டால் ஸ்பீக்கருக்குள் ஓடுகிற இரைச்சல் மாதிரி, அது ஒன்று. கல்யாண வீட்டிலும் கோயில் கொடைவிழாவிலும் ரேடியோ செட் போட்டே காலம் கழித்தவன் காது இது, சும்மா கிட என்றால் கிடக்காது. தலைமாட்டில் ஜன்னல் திண்டில் மூன்று பாட்டில் நிற்கிறது, மாரிக்கனி காலையில் நிரப்பி வைத்தது, பொழுது சாய்வதற்குள் காலியாகணும் என்பது டாக்டர் உத்தரவு. அந்த மூன்றுக்கு மட்டும் சத்தம் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒன்று காலி, ஆனால் அது என் வயிற்றுக்குள் போகவில்லை. எங்கே போச்சு என்பது எனக்கும், ஜன்னலுக்கு வெளியே எண்ணெய் டின்னில் நிற்கிற கறிவேப்பிலைக் கன்றுக்கும் மட்டும்தான் தெரியும். சாயங்கால பஸ்ஸில் ஆவுடை வருகிறாள். என் தங்கச்சி. போன சித்திரையிலிருந்து அவளுடைய கிட்னிதான் என் வலது அடிவயிற்றில் கிடந்து வேலை பார்க்கிறது. அவள் வந்து கேட்பாள், என்ன சொல்ல என்று தெரியவில்லை, மாத்திரை மயக்கத்தில் கண் செருகுகிறது, தலைக்கு மேலே காத்தாடி சுற்றுகிறது, காத்தாடிக்குள்ளும் ஒரு தண்ணீர்ச் சத்தம் இருக்கிறது, தூரத்தில் மடை திறந்த மாதிரி.

நேற்று ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பேசாமல் இருக்கிறவர்களை எனக்கு ரொம்பப் பயம், பாட்டு திடுதிப்பென்று நின்றால் ஒயரைத் தேடி ஓடுவோமே, அந்த மாதிரி நெஞ்சு ஓடுகிறது. “கிரியேட்டினின் ஏறியிருக்கே. தண்ணி குடிக்கிறீங்களா?” என்றாள். நான் வாயைத் திறக்கும் முன்னே மாரிக்கனி, “மாடு தோத்துப் போகும் டாக்டர். மூணு பாட்டிலும் அன்னன்னைக்குக் காலி” என்றாள், ஏதோ மகன் பரீட்சையில் மார்க் வாங்கின பெருமை மாதிரி. டாக்டரம்மா என் முகத்தையே பார்த்தாள். மாத்திரையால் உப்பிப்போய் உளுந்தவடை மாதிரி இருக்கிற முகம், அதில் அவளுக்கு என்ன தெரிந்திருக்கும். “அடுத்த வாரம் திரும்பப் பாப்போம். அப்பவும் ஏறுச்சுன்னா ஊசி போட்டு கிட்னியில ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கணும். உடம்பு ஏத்துக்க மாட்டேங்குதான்னு தெரியணும்ல.” உடம்பு ஏத்துக்கும் டாக்டர், உடம்பு நல்ல உடம்பு, நான்தான். ஆனால் சொல்லவில்லை. “தூக்கம் வருதா?” “வருது.” “மனசு எப்படி இருக்கு?” “அதுக்கும் டெஸ்ட் வந்திருச்சா?” என்றேன். அவள் சிரித்தாள், மாரிக்கனி சிரித்தாள், நானும் சேர்ந்து சிரித்தேன். வெளியே வந்து வராந்தாவில் நடக்கும்போதுதான் அந்தக் கேள்வி செருப்பில் குத்தின முள் மாதிரி கூடவே வந்தது. மனசு எப்படி இருக்கு. பார்க்கிறவன் எல்லாம் மறுபிறவி என்கிறான். மறுபிறவி எடுத்தவன் அழக்கூடாது போல. குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன், அந்தச் சத்தத்தில் இந்தச் சத்தம் கேட்காது, இதெல்லாம் ரேடியோ செட்காரனுக்குச் சொல்லித்தரவா வேணும்.

வாய் வறண்டுதான் கிடக்கிறது. அந்த வறட்சி எனக்குப் பழகினது, வறட்சி இருந்தால் பத்திரமாக இருக்கிற மாதிரி ஒரு எண்ணம். மிசினில் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு கிடந்த அத்தனை வருசமும் தண்ணீர்தானே எதிரி. ஒன்றுக்குப் போவது நின்றுபோனவனுக்கு உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழி கிடையாது, காலில் நிற்கும், முகத்தில் நிற்கும், கடைசியில் நெஞ்சில் வந்து நிற்கும். அந்த வார்டில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. போனதும் தராசில் ஏறி நிற்கணும், மிசின் பார்க்கிற பையன் எடையை உரக்கச் சொல்லுவான், கூடியிருந்தால் மற்ற கட்டிலில் கிடக்கிறவன் எல்லாம் “என்ன, விருந்தா?” என்று கேட்பான். பக்கத்துக் கட்டில் ஞானமுத்து அண்ணாச்சி. நாசரேத் பக்கத்தில் சோடா கம்பெனி வைத்திருந்தவர், கோலி சோடா, பன்னீர் சோடா, கலர். “ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுத்த கையி வே. இப்பப் பாரும், எனக்கு ஒரு மூடி” என்பார். மூடி என்றால் பாட்டில் மூடிதான். டம்ளரில் குடித்தால் கை நிற்காது என்று அண்ணாச்சி கண்டுபிடித்த வழி அது, தாகம் வரும்போது ஒரு மூடி, நாக்கில் வைத்து உருட்டி, வெற்றிலைச் சாறு மாதிரி மெள்ள மெள்ள இறக்கணும். எனக்கும் பழக்கிவிட்டார். ஊசி குத்தி ஓடவிட்ட பிறகு அடுத்தடுத்துக் கட்டிலில் கிடந்தபடி நாங்கள் தண்ணீர் கதை பேசுவோம். “இன்னைக்கு என்ன குடிப்போம் சங்கிலி?” “நன்னாரி சர்பத் அண்ணாச்சி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு.” “ஐஸ் போட்டா, போடாமலா?” “போட்டு.” “போட்டா டம்ளருக்கு வெளிய வேர்க்கும் பாரும், அதை முதல்ல நாக்கால வழிச்சிரணும்.” நர்சம்மா வந்து ஏசுவாள், பெரிய மனுசங்க என்ன பேச்சு பேசுறீங்க, அந்தக் கட்டில்காரர் கேட்டுட்டு அழுறாரு என்பாள். நாங்கள் கெட்ட பேச்சுப் பேசின பையன்கள் மாதிரி வாயைப் பொத்துவோம். அப்படி ஒருநாள்தான் அண்ணாச்சி சொன்னார், “உமக்கு முதல்ல கிட்னி வந்திருச்சுன்னா எனக்கும் சேத்து ஒரு வாய் குடியும் வே. மூடியில இல்ல. வாய் நிறைய.” சரி அண்ணாச்சி என்றேன். சொல்வது லேசாகத்தானே இருந்தது.

ஆவுடை கொடுப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. நினைக்கிற உறவா அது. அண்ணன் என்றால் கொடுக்கிறவன், தை பிறந்தால் பொங்கப்படி கொண்டுபோகணும், அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சக்குலை, பித்தளைப்பானை. அவள் மகள் சமைந்தபோது தாய்மாமன் சீர் தூக்கிப் போனேன், என் செட்டையே கட்டி, என் கையாலேயே மைக் பிடித்து, தாய்மாமன் வருகிறார் என்று என்னை நானே சொல்லிக்கொண்டு போனேன், தெருவே சிரித்தது. அந்தக் கை வாங்குகிற கையாகிவிட்டது. அவள் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, கையெழுத்துப் போட வந்தபோது, “நான் என்ன சொல்ல, அவ பிடிச்சா பிடிச்சதுதான்” என்று பேனாவைத் தட்டித் தட்டிக் கொண்டிருந்தார். அந்தத் தட்டல் இன்னும் காதில் கிடக்கிறது. ஆபரேசன் முடிந்து கண் விழித்த அன்று கட்டிலுக்கு அடியில் பையில் சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம், என்னதுன்னு கேட்டேன், நர்சு சொன்னாள், உங்க யூரின்தான்யா. எத்தனையோ ஊர்க் கொடையில் எத்தனையோ நாதஸ்வரத்துக்கு மைக் வைத்திருக்கிறேன், அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. தையல் வலியோடு ஆவுடை சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து பையை எட்டிப் பார்த்துவிட்டு, “என் பிள்ளை வந்த வீட்ல வேலையை ஆரம்பிச்சிட்டா” என்றாள். அதிலிருந்து அவளுக்கு அது பிள்ளை. போனில் என்னை விசாரிக்க மாட்டாள், பிள்ளை எப்படியிருக்கா என்பாள். இந்தப் பொங்கலுக்கு எப்போதும் கொண்டுபோகிறதைப் போல இரண்டு மடங்கு படி கொண்டுபோனேன். ஒரே ஒரு கரும்பை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டாள். “என்னண்ணே, விலை போடுதியா?” சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் தெருமுக்கு வரைக்கும் வந்து அங்கே நின்றேன், எதற்கு நின்றேன் என்று தெரியாமல். இடது பக்கம் சரிந்து படுக்கிறேன், வலது பக்கம் அவள் இருக்கிறாள், நசுங்கிவிடக் கூடாது. சட்டைக்கு மேலே கையை வைத்தால் ஒரு மேடு. தாயி, உனக்கு நான் தண்ணீர் தரவில்லையே தாயி, பட்டினி போடுகிறேனே என்று அந்த மேட்டிடம் சொல்கிறேன். அது பாட்டுக்குக் கிடக்கிறது, இருப்பதை வைத்து ஓட்டுகிறது, ஆவுடை குடித்தனம் நடத்துகிற மாதிரியே.

அண்ணாச்சி செத்தது எனக்குப் பிந்தித்தான் தெரியும். நான் ஆஸ்பத்திரியில் கண்ணாடி ரூமுக்குள் கிடந்த நாளில், அவர் பேத்திக்கு ஞானஸ்நானம். வந்த ஜனங்களுக்கு எல்லாம் அவர் கம்பெனிப் பன்னீர் சோடா. எல்லாரும் கோயிலுக்குள் நிற்கும்போது இவர் வெளியே வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டாராம். எத்தனை பாட்டில் என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. ராத்திரிக்குள் நெஞ்சு நிறைந்துவிட்டது. மறந்து குடித்தாரா, ஆசைக்குக் குடித்தாரா, போதும் என்று குடித்தாரா. இந்த இடத்துக்கு வந்தால் என் நினைப்பு தேய்ந்த ரெக்கார்டு மாதிரி அதிலேயே சுற்றுகிறது, மறந்தா, ஆசைக்கா, போதுமென்றா, கையால் முள்ளைத் தூக்கி அடுத்த வரிக்கு வைத்தால்தான் நகரும். எனக்கும் ஒரு தடவை நெஞ்சு நிறைந்திருக்கிறது. கட்டிலில் படுத்தபடியே குளத்தில் முங்கின மாதிரி, மேலே வெளிச்சம் தெரிகிறது, எட்ட முடியவில்லை. அன்றைக்கு மூக்கில் குழாயோடு தூக்கிப்போய் மிசினில் போட்டபோது பக்கத்துக் கட்டிலிலிருந்து, “மூச்சை விடும் வே, விடும், வந்திரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர்தான். இப்போது பாட்டிலைத் திறந்து வாய்க்குப் பக்கம் கொண்டுபோனால் பன்னீர் வாசம் அடிக்கிறது. கொதித்து ஆறின தண்ணீரில் எங்கிருந்து பன்னீர் வாசம். ஒரு மூடியில் ஊற்றுகிறேன், குடிக்கிறேன். இன்னொரு மூடி. அப்புறம் தொண்டை கதவைச் சாத்திக்கொள்கிறது. கண் மூடினால் நான் ஒரு கோலி சோடா பாட்டிலுக்குள் நிற்கிறேன், கழுத்தில் கோலி உட்கார்ந்திருக்கிறது, பச்சை வெளிச்சம், குமிழி குமிழியாக மேலே போகிறது, வெளியே அண்ணாச்சி பெருவிரலை வைத்து கோலியை உள்ளே அமுக்கப் பார்க்கிறார், அமுக்கினால் நான் வெளியே வந்துவிடுவேன், எனக்கு வர மனசில்லை, உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது. அண்ணாச்சி என்னவோ சொல்கிறார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதடு மட்டும் அசைகிறது. இடது கையைத் தலைக்கு அண்டக்கொடுத்திருக்கிறேன், மிசினுக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம், இன்னும் விர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருக்கிறது காதுக்குள். பாட்டு இல்லாத இரைச்சல். கரண்டு இருக்கிறது, பாட்டு இல்லை.

முழிப்பு வந்தபோது கை அதுபாட்டுக்கு இரண்டாவது பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து, ஜன்னல் கம்பிக்கு வெளியே பாட்டிலைச் சரித்தேன். கை நடுங்குகிறது, அது மாத்திரை கொடுத்த நடுக்கம், ஒரு பிளக்குக்குள் ஒயரைச் சொருகக்கூட முடியாத கை, பாதித் தண்ணீர் சுவரில் வழிந்து டின்னுக்குள் இறங்கியது. கறிவேப்பிலை அதைக் குடித்த மாதிரி தெரியவில்லை. பாவம், அந்தக் கன்று கொஞ்ச நாளாகவே பழுத்துக்கொண்டு வருகிறது. மாரிக்கனி புளித்த மோர் ஊற்றிப் பார்த்தாள், அரிசி களைந்த தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், வெயில் தாங்கவில்லை போல என்று காலையும் மாலையும் அவள் பங்குக்கு ஒரு செம்பு. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அதுவும் என்னவென்று சொல்லும். அப்போதுதான் வாசல் கதவு கிறீச்சென்றது, அந்தக் கீலுக்கு எண்ணெய் விடணும் என்று ஒரு வருசமாக நினைக்கிறேன், கூடவே ரப்பர் செருப்புச் சத்தம், வலது காலை அழுத்தி இடது காலை லேசாக வைக்கிற நடை. ஆபரேசனுக்கு அப்புறம் வந்த நடை அது. நான் பாட்டிலை டக்கென்று திண்டில் வைத்தேன்.

“மதினி, என் பிள்ளை என்ன செய்யுதா?” என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு வந்தாள் ஆவுடை. “உன் பிள்ளையக் கேளு. ரிப்போர்ட்ல மார்க் ஏறிப்போச்சாம்” என்றாள் மாரிக்கனி, சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. ஆவுடை என்னிடம் வரவில்லை. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கை கால் கழுவப் புறவாசல் போனாள், ஆபரேசன் ஆன வீட்டுக்கு எப்படி வரணும் என்று அவளுக்குத் தெரியும். ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்கிறது. “இந்தக் கன்னையும் பாரு ஆவுடை, என்ன வெயில் வேகாளமோ, ஊத்துறேன் ஊத்துறேன், காஞ்சுக்கிட்டே போகுது.” ஈர மண்ணில் விரல் இறங்குகிற சத்தம், சளக் என்று. “இது காயல மதினி. வேரு அழுகிருச்சு. மூழ்கிச் சாகப் போற கன்னுக்கு ரெண்டு வேளையும் தண்ணி காட்டுதியளா?” “நான் ஒரு செம்புதானடி ஊத்துறேன்.” ஆவுடையின் கால் சுவர்ப்பக்கம் நகர்கிற சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜன்னல் திண்டிலிருந்து டின் வரைக்கும் சுவரில் பாசி பச்சையாக ஒரு கோடு இறங்கியிருக்கும், இப்போது ஊற்றினது இன்னும் வழிந்துகொண்டிருக்கும். “மதினி, பஸ்ல வந்தது தலைவலிக்கி, ஒரு காப்பி போடுங்களேன்” என்றாள் ஆவுடை. மாரிக்கனி உள்ளே போகிற வரைக்கும் பொறுத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அவள் முகம் வந்தது, விரல் நுனியில் கறுப்பு மண்.

“எம்புட்டு நாளாண்ணே?”

“ஏளா, நான் வேணும்னு...” என்று ஆரம்பித்தேன், அது முடியவில்லை. “பயமா இருக்கு ஆவுடை.” யாரிடமும் சொல்லாத வார்த்தை. சொன்ன பிறகு அது ரொம்பச் சின்னதாக இருந்தது, பாட்டில் மூடி மாதிரி. என்ன பயம் என்றாள். “குடிச்சா நிறைஞ்சிருமோன்னு. அண்ணாச்சி அப்படித்தான்... எனக்கும் சேத்துக் குடியும்னு சொன்னாரு. அவரு குடிச்சுச் செத்ததை நான் எப்படி...” மூக்கை உறிஞ்சினேன். இந்தத் தடவை மறைக்கக் குழாய்ச் சத்தம் இல்லை. ஆவுடை ஆறுதல் எல்லாம் சொல்லத் தெரியாதவள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “உன் அண்ணாச்சி வெளிய போக வழி இல்லாம செத்தாரு. உனக்கு வழி குடுத்திருக்கேன்லா. பிறகென்ன?” என்றாள். அப்புறம் குரல் இறங்கி, “வீணாப் போச்சுன்னா போகட்டும், கணக்குக் கேக்கவா போறேன். நீ பயந்துக்கிட்டுக் கிடக்கியே, அதைத்தான் என்னால பாக்க முடியல” என்றாள். விலை போடுதியா என்று கேட்டாளே, அன்றைக்கும் இதே குரல்தான். எனக்குத்தான் அன்றைக்குக் காது கேட்கவில்லை.

“எந்திரி. இங்க வா.” போனேன். மண் கையைக் கழுவிவிட்டு, அடுப்படியிலிருந்து எடுத்துவந்த ஆறவைத்த தண்ணீர்ச் செம்போடு புறவாசல் படியில் நிற்கிறாள். “முதல்ல சோப்பு போட்டுக் கையைக் கழுவு, டாக்டரம்மா ஏசுவா.” கழுவினேன். “ஏந்து.” “டம்ளர்ல குடிக்கேன், ஆவுடை.” “டம்ளர்ல குடுத்தா நீ மூடியில அளப்ப. ஏந்துண்ணே.” குனிந்து இரண்டு கையையும் சேர்த்து வாய்க்குக் கீழே வைத்தேன். ஏந்திக் குடித்து எத்தனை காலமாச்சு. சின்ன வயசில் தெருக்குழாயிலிருந்து குடம் தூக்கி வருகிறவளை மறித்து இப்படி நின்றால், ஊற்றுகிற மாதிரி ஊற்றிக் குடத்தை நிமிர்த்திவிட்டுச் சிரிப்பாள். இப்போது நிமிர்த்தவில்லை. செம்பின் கழுத்திலிருந்து தண்ணீர் ஒரு கயிறு மாதிரி இறங்கி உள்ளங்கையில் விழுகிறது. முதல் வாய் அண்ணாச்சிக்கு. வாய் நிறைய. தொண்டை கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிசம் நின்றது, பிறகு மடக்கென்று வழி விட்டது. பன்னீர் வாசம் இல்லை. கொதித்த தண்ணீரின் சப்பென்ற ருசிதான், கொஞ்சம் சோப்பு வாசமும். அடுத்த வாய். முழங்கை வழியாக வழிகிறது, சட்டை நனைகிறது, அடிவயிற்று மேட்டுக்கு மேலே துணி குளிர்ந்து ஒட்டுகிறது. இடது கையில் அந்த விர்ர் ஓடுகிறது, அதன் மேலே தண்ணீர் விழுகிற சத்தம், அதன் மேலே என் தொண்டைச் சத்தம், ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரு பாட்டு மாதிரி பிடிபடுகிறது. “போதும்னா தலைய ஆட்டுண்ணே” என்கிறாள் மேலேயிருந்து. ஏந்திக் குடிக்கிறவன் வாய் திறந்து போதும் சொல்ல முடியாது, தலையைத்தான் ஆட்டணும். செம்பு காலியாகிற சத்தம் எனக்குத் தெரியும், கனமாக விழுந்தது மெலிந்து மெலிந்து கீச்சுக் குரலாகிறது. நான் தலையை ஆட்டவில்லை. ஆவுடை உள்ளே பார்த்துச் சொல்கிறாள், “மதினி, காப்பி கிடக்கட்டும். இன்னொரு செம்பு கொண்டாங்க.”